சுரத்துக்கு ஓர் அடி

ஆர்பெஜியேட்டரை நான் மதித்ததே இல்லை. வாசிக்கத் தெரியாதவனுக்குத் தெரிந்த மாதிரி வேஷம் போட்டுவிடும் பொத்தான் என்றுதான் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். அது மூன்றையும் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக, கீழிருந்து மேலே, மறுபடியும் கீழிருந்து மேலே என்று நாம் விரலை எடுக்கும்வரை சுற்றிச் சுற்றி வாசிக்கும். அந்த ஓட்டத்தை விரலில் கொண்டுவர எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. அதை ஒரு பொத்தான் செய்கிறது என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

அதைத் தொட வேண்டி வந்தது ஒரு தண்ணீர் வடிகட்டி விளம்பரத்தால். முப்பது விநாடி இசை. "தண்ணி சொட்டுச் சொட்டா விழணும் சார், ஆனா சந்தோஷமா விழணும்" என்று சொல்லி விளம்பரக்காரர் ஐந்து முறை திருப்பி அனுப்பிவிட்டார். சொட்டு எப்படிச் சந்தோஷமாக விழும் என்று அவரிடம் கேட்டால் அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஆறாவது முறை, வாயை மூடிக்கொண்டு சின்ன மிடி கீபோர்டை எடுத்தேன். இருபத்தைந்து கட்டை, மடியில் அடங்கிவிடும். அதற்குள் ஒலி என்று எதுவும் கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு பலம், எப்போது என்ற எண்களை மட்டும் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒலி அங்கே பிறந்து ஸ்பீக்கருக்கு வரும். ஆர்பெஜியேட்டர் அந்தக் கீபோர்டிலேயே இருந்தது, நான் ஒரு நாளும் அமுக்காத பொத்தானாக.

என் வேலை மேஜை வீட்டு ஹாலின் மூலையில் இருக்கிறது. எனக்குப் பின்னால் மாமனாரின் அறை. ஹாலின் அந்தக் கோடியில், சமையலறையை ஒட்டி, கழிவறை. மாமாவின் கட்டிலிலிருந்து அதுவரை நல்ல கால் உள்ளவருக்குப் பன்னிரண்டு அடி. இடையில் இரண்டு வாசல். இந்தப் பன்னிரண்டு அடியும் இரண்டு வாசலும்தான் எட்டு மாதமாக எங்கள் வீட்டின் தலையாய பிரச்சினை.

மாமாவுக்கு நடுக்க நோய். கை நடுங்குவதைப் பார்த்து எல்லோரும் அதைத்தான் நோய் என்று நினைப்பார்கள். கை பரவாயில்லை, கால்தான் துரோகி. நன்றாக நடந்து வந்துகொண்டே இருப்பார், வாசற்படியைக் கண்டதும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றுவிடுவார். இடது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவர் மனசு "போ" என்று சொல்லும், கால் காதில் வாங்காது. முப்பத்தெட்டு வருஷம் நில அளவையராக இருந்தவர். காடு, மேடு, சேறு என்று நடந்தே சம்பாதித்த மனிதர், சொந்த வீட்டுக் கதவைத் தாண்ட முடியாமல் நிற்பார்.

என் மனைவி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இரண்டரைக்குத்தான் வருவாள். அதுவரை வீட்டில் நானும் மாமாவும்தான். அங்கேதான் சிக்கல். மகள் கையைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போவார், அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு போக அவரால் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வந்தால் எழுந்து நிற்கிற மனிதர் அவர். எழுந்து நிற்க முடியாமல் போன பிறகும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். நான் வேஷ்டியைத் தளர்த்திவிடுவதா? அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, காலையில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

நான் தெரியாத மாதிரி இருந்தேன், அவர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சலில் பிதற்றினார். இரண்டாம் தடவை டாக்டரம்மா மென்று முழுங்காமல் சொல்லிவிட்டார்.

"தண்ணி குடிக்காம இப்படியே போனா அடுத்த தடவை குழாய் போட்டுப் படுக்க வைக்க வேண்டி வரும். படுத்துட்டா இவரு நடை அதோட போச்சு. அப்புறம் என்னைக் கேட்டுப் பிரயோசனம் இல்ல."

மாமா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒழுங்காகக் குடித்தார். நாலாம் நாள் காலையில் அவர் பாட்டில் கழுத்துவரை நிறைந்தே இருந்தது.

அந்த நாலாம் நாள்தான் நான் சொட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். என் கம்ப்யூட்டர் திரையின் கறுப்பு ஓரத்தில், கண்ணாடியில் போல, மாமா தெரிந்தார். தன் அறை வாசலில், வலது கையில் கைத்தடி, இடது கை நிலையைப் பிடித்தபடி, அசையாமல் நின்றார். என்னைக் கூப்பிடாமல் போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பி, நடுவழியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் திரும்பினால் அவமானத்தில் "சும்மா வந்தேன்" என்று சொல்லி அப்படியே அடக்கிக்கொண்டு படுத்துவிடுவார். அதனால் நான் வேலையில் மூழ்கிய மாதிரி நடித்தேன். நடிப்புக்கு ஏதாவது சத்தம் வேண்டுமே என்று ச, க, ப மூன்றையும் அமுக்கிப் பிடித்தேன். ஆர்பெஜியேட்டர் மெதுவாக, துடிப்புக்கு ஒரு சுரமாக, எடுத்துக்கொண்டது. ச. க. ப. ச. க. ப.

திரையின் ஓரத்தில் மாமா நகர்ந்தார்.

முதலில் நம்பவில்லை. அவர் தள்ளாடவில்லை, இழுக்கவில்லை. "ச" விழும்போது இடது கால் எழுந்தது. "க" விழும்போது வலது கால். எட்டு மாதமாகப் பசை போட்டு ஒட்டியது போல் நின்ற பாதம், ஒரு சுரம் வந்து தொட்டதும் தரையை விட்டது. வாசலைத் தாண்டினார். என் முதுகுக்குப் பின்னால், மேஜையைத் தாண்டி, ஹாலின் நடுவே, ஒரு சுரத்துக்கு ஓர் அடி என்று நடந்து போனார். நான் எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன், கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். என் விரலுக்கு ஒரு மனிதனின் கால் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பார்த்தவன் அப்படியே இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் எழுந்து திரும்பினேன், கை கட்டையை விட்டது, சத்தம் நின்றது. கழிவறை வாசலில் ஒரு அடி பாக்கி இருக்க, மாமாவும் நின்றார். ஓடிப் போய்த் தாங்கிப் பிடித்தேன். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்ற கோபம் என்று நினைத்தேன்.

"மாப்பிள்ளை, அந்தச் சத்தத்தை ஏன் நிறுத்துனீங்க?" என்றார்.

அன்று மதியம் வந்த மனைவியிடம் நான் சொன்னபோது அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாமா நடந்து காட்டினார். அவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்ற இடத்தில் அழுதாள். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டோம். சீரான தாளம் கேட்டால் சிலருக்குக் கால் விடுபடும், எல்லாருக்கும் இல்லை, இவருக்கு வருகிறதென்றால் விடாதீர்கள், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றார். அவருக்கு அது தெரிந்த விஷயம். எனக்கு இன்றுவரை அது அதிசயம்தான்.

மாமா அதிசயத்தோடு நிற்கிற ஆள் இல்லை, அளக்கிற ஆள். பழைய அளவு டேப்பை எடுக்கச் சொன்னார். சத்தம் இல்லாமல் அவர் வைத்த அடி பத்தொன்பது சென்டிமீட்டர். ச க ப கேட்டு வைத்த அடி நாற்பத்தாறு. நான் தரையில் மண்டியிட்டு அளந்து சொல்ல, அவர் நடுங்கும் கையால் நோட்டில் எழுதினார். டெம்போ குமிழைத் திருப்பச் சொல்லி ஒவ்வொரு வேகத்துக்கும் அடி அளந்தோம். மாத்திரை போடுவதற்கு முன் அவருக்குச் சரிப்பட்டது நிமிஷத்துக்கு எண்பத்திரண்டு துடிப்பு, போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொண்ணூற்றாறு. வேறு எதையும் பேசத் தெரியாத நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வாரம் எண்களாகவே பேசினோம்.

நடுவில் ஒரு நாள் நான் அவரைக் கொல்லப் பார்த்தேன். விளம்பரத்தின் இரண்டாம் பாதிக்காகத் துடிப்புக்கு இரண்டு சுரம் என்று மாற்றிவைத்திருந்தேன். மறந்துவிட்டேன். மாமா எழுந்து நின்று தலையாட்ட, நான் கட்டைகளை அமுக்க, சுரங்கள் இரட்டை வேகத்தில் கொட்டின. கால்கள் அதன் பின்னால் ஓடின. அவரால் நிறுத்த முடியவில்லை, என்னாலும் நிறுத்த முடியவில்லை, சட்டென்று கையெடுத்தால் நின்று முகம் குப்புற விழுவார். இடது கையால் கட்டைகளைப் பிடித்துக்கொண்டே வலது கையால் குமிழைத் தடவி வேகத்தைக் குறைத்தேன். ஃபிரிட்ஜில் போய் நெஞ்சு மோதி நின்றார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. வாக்கிங் போதும்னு பாத்தேன், ஓட்டப்பந்தயத்துக்கே பேரு குடுத்துட்டீங்க."

அவர் என்னிடம் ஜோக் அடித்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் ஆன பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பத்தாம் நாள் அவர் பாட்டிலைப் பார்த்தேன். கழுத்துவரை தண்ணீர். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மாமாவிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை, அன்று பேசினேன்.

"என்ன மாமா இது? இப்பதான் நடக்க முடியுதுல்ல? அப்புறமும் எதுக்குக் குடிக்காம இருக்கீங்க? குழாய் போட்டுப் படுக்கணும்னு ஆசையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"முன்னாடி உங்க கையைப் புடிச்சுட்டுப் போகணும். இப்ப உங்களைக் கூப்பிட்டு, நீங்க வேலையை விட்டு வந்து, பாட்டுப் போட்டு அனுப்பணும். நான் திரும்பி வரணுமேன்னு, உள்ள இருக்கிற வரைக்கும் நீங்க அந்தக் கட்டையைப் புடிச்சுட்டே உக்காந்திருக்கீங்க. எனக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு உங்க விரலுக்குத் தெரியுது. அதுக்குக் கையைப் புடிக்கிறதே தேவலை."

செல்போனில் பதிவு செய்து கொடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். செய்தோம். அது மாமாவின் காலைக் கேட்காமல் தன் பாட்டுக்கு ஓடியது. வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் தொடுதிரையைத் தேய்க்க வேண்டும், நடுங்கும் விரலுக்கு அது எதையோ அமுக்கி யாரையோ அழைத்துவிடும். ஒரு தடவை டாக்டரம்மாவே "ஹலோ" என்றார். மாமா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமுக்க வேண்டியது நான் இல்லை. கீபோர்டில் லாட்ச் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டால், அமுக்கிய கட்டைகளை அது நினைவில் வைத்துக்கொள்ளும். கையெடுத்த பிறகும், மறுபடி அதே பொத்தானை அமுக்கும்வரை, ஆளே இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும். சோம்பேறித்தனத்தின் உச்சம் என்று நான் நண்பர்களிடம் கிண்டலடித்த பொத்தான் அதுதான்.

மனைவிக்கு விடுமுறையான ஒரு காலையில், மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக் கீபோர்டை வைத்தேன். ஒயரைக் காலில் தடுக்காதபடி சுவரோடு ஒட்டி என் மேஜைவரை கொண்டுபோனேன். ச, க, ப மூன்றிலும் சிவப்பு ஸ்டிக்கர். டெம்போ குமிழில் எண்பத்திரண்டுக்கும் தொண்ணூற்றாறுக்கும் பேனாவால் கோடு. மாமா ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, எழுந்து நின்றார். வலது கையில் கைத்தடி இருந்ததால் இடது கையால்தான் அமுக்க வேண்டும். நடுங்குகிற கை அது. சுண்டு விரல் "ச"வில், நடு விரல் "க"வில், கட்டை விரல் "ப"வில் உட்கார்ந்தன. கட்டை விரல் ஆடியது. ஆடி, பக்கத்து வெள்ளைக் கட்டையையும் தட்டிவிட்டது. கையை எடுத்தார்.

ச. க. ப. த.

மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். லாட்ச் நல்லது கெட்டது பார்க்காது, விழுந்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும். அழித்துவிட்டு மறுபடி அமுக்கலாம் என்று கை நீட்டினேன்.

"விடுங்க" என்றார் மாமா.

கண்ணை மூடிக் கேட்டார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. அவருக்குச் சங்கீதம் தெரியாது. கேட்டது சங்கீதத்தை இல்லை.

"மூணுல ஒரு தடவை கீழ்ச்சத்தம் இடது காலுக்கு வந்தா, அடுத்த தடவை வலதுக்கு வருது. வலதுக்கு எதுக்கு அழைப்பு? அது சொல்லாமலே வரும். நாலுல பாருங்க, ஒவ்வொரு சுத்துலயும் இடது காலைத்தான் கூப்பிடுது."

நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ச இடது, க வலது, ப இடது, த வலது. மறுபடி ச, இடது. நூறு சுற்றுக்கும் அப்படியே. இரண்டு காலுக்கும் சமமாக வருகிறதே என்று மூன்றையே வைத்துக்கொண்டிருந்தவன் நான், அதில் எனக்குப் பெருமை வேறு. பதினெட்டு வருஷம் வாசித்தவனுக்குத் தெரியாததை நடுங்கும் கட்டை விரல் ஒன்று தவறி விழுந்து கண்டுபிடித்திருந்தது. அதுவும் என்ன சுரம். "த" சேர்ந்ததும் அந்தச் சின்ன ஓட்டம் முகம் மலர்ந்தது போல் ஆகிவிட்டது. விளம்பரக்காரர் ஐந்து முறை திருப்பி அனுப்பியது இந்தச் சந்தோஷத்தைத் தேடித்தானோ என்று தோன்றியது.

மாமா "ச"வுக்குக் காத்திருந்தார். வந்தது. இடது கால் எழுந்தது.

அறை வாசலில் அவர் வேகம் குறையவில்லை. நிலையைப் பிடிக்கவும் இல்லை. நானும் மனைவியும் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றோம். ஒரு அடிக்கு ஒரு சுரம் என்று ஹாலைக் கடந்தார். ஒவ்வொரு "ச"விலும் அந்தப் பழைய துரோகிக் கால், பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை மாதிரி, எழுந்து முன்னே போனது. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவரே அமுக்கிய நாலு எண்கள் அவருக்குப் பின்னால் நின்று அவரை நடத்திக்கொண்டிருந்தன. இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இளக்காரமாகப் பேசியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

கழிவறை வாசல். "ச" வந்தது. தாண்டினார்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக முழுக்க மூடியது. மனைவி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். நாங்கள் இருவரும் எப்போது நடந்து போய் அந்தக் கதவருகில் நின்றோம் என்று எங்களுக்கே தெரியாது. பின்னால் ஸ்பீக்கரில் ச க ப த ஓடிக்கொண்டே இருந்தது, அவர் வெளியே வரும்வரை ஓடும், யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"கதவுகிட்ட யாரும் நிக்காதீங்க."

"இல்லப்பா, சும்மாதான்…" என்றாள் மனைவி.

"போம்மா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. எனக்கு நேரமாகும்."

சமையலறைக்குப் போனோம். போய்விட்டோம் என்று அவருக்குத் தெரியட்டும் என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பாத்திரத்தை உருட்டினாள். நான் இன்னொன்றை எடுத்து உருட்டினேன்.